கோட்டைக்குள் மாறிப்போன சப்பாத்து

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு செப்டம்பர் மாதம், இத்தாலியின் வடமேற்கு மூலையில் இருக்கிற அவோஸ்டா பள்ளத்தாக்கில் நடந்தது இது. அல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஆறு ஓடுகிற நீளமான பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, மலையடியிலும் குன்றுகளிலும் கோட்டைகள். ஒரு கோட்டையின் வாசலில் நின்று பார்த்தால் இன்னொரு கோட்டை தெரியும். படத்தில் பார்த்த நாளில் இருந்தே எனக்கு அந்த இடத்தின் நினைப்புத்தான்.

கோட்டைப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். இங்கே ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கோட்டைகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. வருடா வருடம் சீரியல் பெட்டியிலும் கிச்சன் ரோல் குழாயிலும் கோட்டை கட்டி, நூலில் தூக்குப் பாலம் செய்து, பிறகு பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி உண்மையான கோட்டை ஒன்றுக்குக் கூட்டிப்போவோம். பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய் மறந்துவிடுவார்கள். எனக்கு மட்டும் அது விட்டுப்போகவே இல்லை. எங்கள் ஆட்களுக்கு லீவு என்றால் கனடாவில் ஒரு கல்யாணவீடு, இல்லாவிட்டால் ஊரில் திருவிழா. நான் மதில், அகழி, சுழல்படி என்று அலைகிற ஆள். "இடிஞ்ச சுவரைப் பாக்க ஆரும் காசு குடுப்பினமோ" என்று என் கணவர் கேட்பார். கேட்டுக்கொண்டே காரையும் எடுப்பார்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அவருடைய காலைப் பற்றியது. பிளேஸ்டோவில் எங்களுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருக்கிறது. விடிந்தால் பொழுதுபட்டால் அவர் நிற்பது அங்கேதான். நீண்ட காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அது மெல்ல மெல்லக் காலின் உணர்வைத் தின்றுவிட்டது. முள் குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. பயணத்துக்கு முந்தின குளிர்காலத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்திருக்கிறது. தெரிந்தும் எனக்குச் சொல்லவில்லை. சொக்ஸ் புண்ணோடு ஒட்டிப்போன பிறகுதான் நான் கண்டேன். மாதக்கணக்கில் கிளினிக்குக்கு அலைந்து ஒரு மாதிரி ஆறியது. இனி ஒரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய பாதத்தை அளந்து, உள்ளே தனியாக மெத்தை வைத்து ஒரு சப்பாத்தும் செய்து கொடுத்தார்கள்.

அந்தச் சப்பாத்து அவருக்குப் பிடிக்கவில்லை. அகலமான, கறுப்பான, ஒட்டும் பட்டி வைத்த சப்பாத்து. "உந்தப் பெட்டியளைப் போட்டுக்கொண்டு நாலு சனத்துக்கு முன்னால போறதோ" என்பார். தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்லி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவர் பார்க்கவும் மாட்டார், என்னைப் பார்க்க விடவும் மாட்டார். நான் கெஞ்சினால் சிரிப்பார், கோபித்தால் கடைக்குப் போய்விடுவார். எங்கள் கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்து தந்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: அந்தச் சப்பாத்தைத்தான் போட வேண்டும். முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் காலையிலேயே முதல் கோட்டைக்குப் போய்விட்டோம். புல்வெளிக்கு நடுவில் கோபுரங்கள், இரண்டு சுற்று மதில், மதிலில் அம்பு எய்கிற துவாரங்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அங்கே நாங்களாகச் சுற்றிப் பார்க்க முடியாது. வழிகாட்டிப் பெண் ஒருவர் பெரிய சாவிக்கொத்தோடு ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டுவார். எங்களோடு வந்தவர்கள் கீழே சமவெளிப் பக்கத்தில் இருந்து பஸ்ஸில் வந்த ஓய்வு பெற்ற இத்தாலியர்கள். எல்லோரும் எங்கள் வயது, அல்லது கொஞ்சம் கூட. நான் பள்ளிக்கூடப் பழக்கத்தில் வழிகாட்டியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் இத்தாலியனில் சொல்லிவிட்டு எனக்காக இரண்டு வரி ஆங்கிலத்திலும் சொன்னார். சமையலறையில் முழு மாட்டையே வாட்டக்கூடிய அடுப்பு, முற்றத்துச் சுவர் முழுக்க ஓவியம். நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன்.

மேல்மாடியில் சின்னதாக ஒரு பூசை அறை இருந்தது. பிரபுவின் குடும்பம் கும்பிட்ட இடமாம். வழிகாட்டி கதவைத் திறந்துவிட்டு விளக்குப் போட உள்ளே போனார். எதிர்ச் சுவரில் நீல அங்கியோடு மாதா, இரண்டு பக்கமும் புனிதர்கள் வரிசையாக நின்றார்கள். வாசற்படியைக் கண்டதும் எங்கள் இருவருக்கும் வேறு யோசனையே வரவில்லை. மாதா கோயில் என்றாலும் கோயில்தானே. நான் சப்பாத்தைக் கழற்றினேன். அவரும் குனிந்து பட்டியை இழுத்துக் கழற்றி, ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த அறையின் பழைய பலகைத் தளத்தில் சொக்ஸோடு நின்று நான் கைகூப்பினேன்.

திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் வந்த அம்மா ஒருத்தி எங்கள் சப்பாத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து அதற்கு அடுத்தவர். அதுதான் இங்கே சட்டம் என்று நினைத்துவிட்டார்கள். வழிகாட்டி விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது அறை நிறைய ஆட்கள் சொக்ஸோடு பயபக்தியாக நிற்கிறார்கள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். இத்தனை வருடத்தில் இந்தத் தளத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை, அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்று பிறகு எனக்குச் சொன்னார்.

வெளியே வந்தபோதுதான் கூத்து. திருவிழாவில் எங்கள் கோயில் வாசல் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்த இத்தாலியப் பூசை அறையின் வாசல். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு, சப்பாத்துத் தேடுகிறார்கள். ஒரே சிரிப்பு. எங்கள் பழக்கம் அல்ப்ஸ் மலை ஏறிவிட்டது என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

சுற்றிப் பார்த்து முடிந்ததும் அவர்கள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் மதிலுக்கு வெளியே புல்லில் இருந்து, நான் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டோம். சாப்பிட்ட கடதாசியைக் குப்பைத் தொட்டியில் போட அவர் எழுந்து நடந்தார். நடக்கும்போது குதிகால் சப்பாத்தை விட்டு மேலே எழும்பி எழும்பி விழுந்தது. காலையில் அப்படி இருக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உதை ஒருக்காக் கழட்டுங்கோ."

"ஏன், எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

காலில் எது பட்டாலும் அவருக்கு ஒன்றும் செய்யாது, அதுதானே வில்லங்கம். நானே குனிந்து பட்டியை இழுத்தேன். அவருடைய சப்பாத்துக்குள் இருக்கிற மெத்தை நீலம். இதற்குள் இருந்தது மண்ணிறம், அதுவும் வேறு யாருடைய பாதத்துக்கோ குழிந்த மெத்தை. வெளியே பார்த்தால் அச்சு அசல் அதே கறுப்பு, அதே அகலம், அதே பட்டி. ஒரு சைஸ் பெரிது. வேறு ஒருவருடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மிச்சக் கோட்டை முழுக்க ஏறி இறங்கியிருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம், பிறகு பயம். அதற்குப் பிறகு வந்த யோசனைதான் என்னை நிற்க விடாமல் செய்தது. இந்த மாதிரிச் சப்பாத்தை ஆசைக்கு யாரும் வாங்குவதில்லை. இவருடைய சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு போன மனிதருக்கும் அதே வருத்தம். அவருக்கும் காலில் உணர்வு இல்லை, இருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும். இவருக்காவது பெரிய சப்பாத்து. அந்த மனிதரோ ஒரு சைஸ் சின்னதுக்குள் காலைத் திணித்துக்கொண்டு போகிறார்.

வழிகாட்டியிடம் ஓடினேன். சப்பாத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னதும் அவருக்கு உடனே விளங்கியது. அந்த பஸ் அடுத்ததாகப் போகிற கோட்டைக்கு ஃபோன் எடுத்தார். யாரும் எடுக்கவில்லை. அதைப் பார்த்து முடிந்தால் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்களாம். பிறகு என் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். தூரத்தில் ஒரு பாறைமேல் பெரிய சதுரக் கல் போல ஒரு கோட்டை தெரிந்தது. லண்டனில் இருந்து புறப்படும்போது நான் மிகவும் ஆசைப்பட்ட கோட்டையே அதுதான்.

"நான் ஓட்டுறன்" என்றேன்.

என் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரை வாடகைக்கு எடுக்கும்போது என் பெயரையும் ஒரு பேச்சுக்குத்தான் போட்டிருந்தோம். ஈஸ்ட் ஹாமில் நான் ஓட்டுவேன், ஆனால் வலது பக்கம் ஓடுகிற நாட்டில் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. அந்தச் சப்பாத்தை இனி ஒரு அடிகூட அவர் போடக்கூடாது, சொக்ஸோடு கார் ஓட்டவும் நான் விடப்போவதில்லை. "அப்ப சரி, அந்தக் கோட்டைக்குள்ளயே என்னைப் புதையும்" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் ஏறி இருந்தார்.

அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர் கூச்செறியும். கியர் மாற்றப் போய் இரண்டு தரம் இடது கையைக் கதவில் அடித்தேன். ஒரு ரவுண்டபவுட்டில் நான் லண்டன் பக்கமாகத் திரும்பப் பார்க்க, அவர் "வலது, வலது, கடவுளே வலது" என்றார். ஒரு பக்கம் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், மற்றப் பக்கம் ஆறு. மலை திரும்புகிற இடமெல்லாம் ஒரு கோட்டை தலை காட்டியது. ஒன்றுக்குக் கோபுரம் உடைந்திருந்தது, ஒன்றில் கொடி பறந்தது. இதைப் பார்க்கத்தானே வந்தேன் என்று மனம் அடித்துக்கொள்கிறது, கண்ணை ரோட்டில் இருந்து எடுக்க முடியவில்லை. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், கையை மட்டும் கதவுப் பிடியில் இருந்து எடுக்கவில்லை.

பாறையின் அடிவாரத்தில் அந்த பஸ் நின்றது. அவரைக் காருக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, சப்பாத்துச் சோடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே ஓடினேன். நல்ல ஏற்றம். ஐம்பத்தைந்து வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. டிக்கெட் மேசையில் இருந்தவர் தொலைந்த சாமான் கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சப்பாத்தை வாங்கி மேசைக்குக் கீழே வைக்கப் பார்த்தார். நான் பறித்துக்கொண்டேன். மூச்சு வாங்க என் காலைக் காட்டி, மேலே காட்டி, "டயபிற்றிஸ்" என்றேன். அந்தச் சொல் அவருக்கு விளங்கியது. உடனே எழுந்து வழியை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைக் கழற்றிவிட்டார்.

நான் ஆசைப்பட்ட கோட்டைக்குள் நான் போன விதம் அப்படித்தான். நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுவரோடு சுற்றிச் சுற்றி ஏறுகிற அகலமான கல் படிகள். ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கண் முழுக்கத் தரையில். மேல்மண்டபத்தில் கூட்டத்தைப் பிடித்தேன். அவர்களுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, சப்பாத்துக் கழற்ற வைத்த மனுசி என்று தங்களுக்குள் சிரித்தார்கள். நான் குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு போனேன். குளிர்காயும் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில், நரைத்த மீசையோடு உயரமான ஒரு மனிதர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுப்புச் சப்பாத்து, பட்டி எட்டாமல் நுனியில் ஒட்டியிருந்தது.

என் கையில் இருந்ததை உயர்த்திக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினார். அவர் மனைவி ஒரு முறைதான் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு, அவரைப் பிடித்து இழுத்து ஜன்னலோரக் கல்லிருக்கையில் இருத்தினார். சப்பாத்தை இழுக்கக் கஷ்டமாக இருந்தது. இழுத்து எடுத்தபோது சின்னவிரல் பக்கம் சொக்ஸ் நனைந்திருந்தது. இரத்தம்.

கூட்டம் எங்களைச் சுற்றிக் கூடியது. அந்த மனிதர் மட்டும், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் என் வீட்டில் எனக்குப் பழக்கமான முகம். அவர் மனைவி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். உள்ளே பஞ்சு, மருந்துத் தண்ணீர், ஒட்டும் துணி. நானும் என் கைப்பையைத் திறந்தேன். என்னிடமும் அதே பை, அதே சாமான். நாங்கள் இருவரும் ஒருவர் பையை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், அவருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. கல்லிருக்கைக்குக் கீழே முழங்காலில் நின்று நாங்கள் இருவருமாகத்தான் கட்டுப் போட்டோம். புண் ஆழமில்லை, தோல்தான் உரிந்திருந்தது.

அந்த மனிதருக்கு அவருடைய சொந்தச் சப்பாத்தைப் போட்டுவிட்டு, மெதுவாகக் கீழே கூட்டி வந்தோம். கூட்டம் முழுக்கப் பின்னால் வந்தது. அந்தக் கோட்டையின் வழிகாட்டியும் கதை சொல்வதை விட்டுவிட்டு வந்துவிட்டார். என் கணவர் கார்க் கதவைத் திறந்து வைத்து, சொக்ஸ் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். அந்த மனிதர் குனிந்து, இரண்டு கையாலும் சப்பாத்தை அவரிடம் நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த மனிதர் போகவில்லை. என் கணவரின் காலைச் சுட்டிக் காட்டி, கழற்று என்று கையால் சொன்னார். "இல்லை, இல்லை, ஒண்டுமில்லை" என்று இவர் தமிழிலேயே சொல்லிக் காலை உள்ளே இழுத்தார். அந்த மனிதர் பக்கத்துக் கல்லில் இருந்து, காயப்படாத தன் மற்றக் காலின் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றி வெயிலில் நீட்டினார். அந்தக் காலில் இரண்டு விரல் இல்லை.

மொழி ஒன்றும் தேவைப்படவில்லை. இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு தன் கையால் தன் கண்ணைப் பொத்திக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். பார்க்காமல் விட்டேன், நான்தான் விட்டேன் என்று அர்த்தம். பிறகு, இவள் சொல்லியும் கேட்கவில்லை என்பதுபோல மனைவியைக் காட்டினார், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சுற்றிவர அத்தனை பேர் நிற்க, அந்த மனிதருக்குத் துளி வெட்கம் இல்லை.

என் கணவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு சனத்துக்கு முன்னால் அந்தச் சப்பாத்தைப் போடவே வெட்கப்பட்டவர். பிறகு குனிந்து சொக்ஸைக் கழற்றி, காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"பாரும்" என்றார்.

பார்த்தேன். பழைய தழும்புக்குப் பக்கத்தில், பெரிய சப்பாத்து உரசி ஒரு சிவப்பு. தோல் கிழியவில்லை, இன்னும் ஒரு மணித்தியாலம் நடந்திருந்தால் கிழிந்திருக்கும். நான் துடைத்துக் கட்டுப் போடுகிற மட்டும் அவர் காலை இழுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பிறகு நடந்ததும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் எங்களை விடவில்லை. மேலே அரைவாசியில் விட்ட கோட்டையைப் பார்க்க எங்களையும் இழுத்துக்கொண்டு போனது. டிக்கெட் மேசைக்காரர் கயிற்றைத் தானாகவே கழற்றினார். அந்த மனிதரும் மனைவியும் மட்டும் நிழலில் இருந்துகொண்டார்கள். என் கணவர் தன் சொந்தச் சப்பாத்தோடு, அவசரப்படாமல், இடையிடையே இருந்து இருந்து உச்சிவரை ஏறினார். இந்த முறை நான் எல்லாவற்றையும் நிமிர்ந்து பார்த்தேன். மேல் ஜன்னலில் நின்று, "அங்கால தெரியிறது எந்தக் கோட்டை, நாளைக்கு அதுக்குப் போவமோ" என்று அவர் கேட்டார். இடிந்த சுவருக்குக் காசு கொடுக்காத மனிதர் கேட்கிறார். பஸ் வெளிக்கிட்டபோது அந்த இத்தாலியர் ஜன்னலருகே சப்பாத்தோடு தன் காலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவர் மனைவி அவர் தோளில் அடித்ததும் தெரிந்தது.

அவர்களுடைய பெயரை நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைத்தால் இப்போதும் மனவருத்தம்தான். ஆனால் இப்போது ஒவ்வொரு காலையும், கடைக்குப் போகுமுன் என் கணவர் குசினிக் கதிரையில் இருந்து, ஒரு காலை மற்றக் கதிரையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். நான் தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போய் விரல் விரலாகப் பார்க்கிறேன். நான் கெஞ்சியும் கோபித்தும் அழுதும் நடக்காத ஒன்று, ஒரு பிற நாட்டு மனிதர் இழந்ததை மறைக்காமல் காட்டியதால் நடந்தது. அவருக்கு நன்றி சொல்லாமல் அந்தப் பத்து விரலையும் என்னால் பார்த்து முடிக்க முடிவதில்லை.